நாற்பது கிலோமீட்டர் சுவர்

அன்று இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே இருந்துகொண்டே இல்லை என்று சாதித்தவர்களும், இல்லாமலேயே கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்களும் பின்னால் நிறையப் பேர் கிளம்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். ஆறாம் வகுப்பு ஏ பிரிவுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். முதல் வரிசையின் நடுவில் கொத்தனாரின் பேத்தி. வகுப்பின் கடைசியில், கடிகாரத்துக்குக் கீழே, பெற்றோர் சார்பில் நின்றிருந்த அவள் அம்மா, அதாவது கொத்தனாரின் மகள். சுவருக்கு அந்தப் பக்கம் பி பிரிவுப் பிள்ளைகள் நாற்பது பேர். காகிதத்தின்படி இவர்கள் அங்கே இல்லை, வேறு ஊரில் இருந்தார்கள். பெரிய நகரத்தில், கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், இணைப்பு அறையில், இணைப்பு அலுவலரும் கொத்தனாரும். ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் பின் இருக்கையில் கல்வித்துறை இயக்குநர். இவ்வளவு பேர்தான்.

கொத்தனார் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுவர் எழுப்புகிறார்கள். தாத்தா எழுப்பியது சாய்ந்ததில்லை. அப்பா எழுப்பியது சாய்ந்ததில்லை. இவருக்கு ஊரில் ‘தூக்குக்குண்டு’ என்றே பட்டப்பெயர். நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு பொய் சொல்லாது. அந்தப் பெயரை ஒரு மனிதனுக்கு வைத்தால் அது கேலியாகாது. அந்த வீட்டில் யாரும் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

பள்ளிக்கு ‘எல்லையில்லா வகுப்பறை’ என்ற திட்டம் வந்தது. இரண்டு கதவு அகலத்துக்கு ஒரு திரை, அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கேமரா, ஒரு மைக், தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம். வெளியூர்ப் பெரியவர்கள் திரையில் வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும். வெளியூர் வகுப்பு ஒன்றும் கூடவே சேர்ந்துகொள்ள வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு ‘உழைப்பாளருடன் உரையாடல்’ என்று தலைப்பு வைத்து, கொத்தனாரைக் கூப்பிட்டார் தலைமையாசிரியர்.

“சார், நான் பின்தெருவுலதான இருக்கேன்” என்றார் கொத்தனார். “நடந்தா ரெண்டு நிமிஷம். நேரா வந்து பேசிட்டுப் போறேனே?”

“நேரா வந்தா அதுக்குப் பேரு வருகை. நமக்கு வேண்டியது இணைப்பு. வருகைக்குப் படிவமே கிடையாது.”

“அப்ப என் வீட்டுலேருந்து பேசட்டுமா?”

“குறைஞ்சது நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கணும். முப்பத்தொன்பதுன்னு போட்டா கட்டம் சிவப்பாயிடும். நீங்க நகரத்துக்குப் போயிடுங்க. அங்க இணைப்பு அறை இருக்கு. நாப்பத்துமூணு கிலோமீட்டர். பச்சை.”

“என்கிட்ட பேசணும்னா நான் இங்கேருந்து கிளம்பிப் போகணுமா?”

“தூரத்துலேருந்து பேசினாத்தான் பிள்ளைங்களுக்கு உலகம் பெரிசுன்னு தெரியும்” என்றார் தலைமையாசிரியர். அவர் எள் என்று சொல்வதற்குள் எண்ணெயாக நிற்பவர். ஆனால் மேலிடம் சொல்லும் எள்ளுக்கு மட்டும்.

வெளியூர் வகுப்புக்குத்தான் திண்டாட்டமாயிற்று. ஒப்புக்கொண்டிருந்த பள்ளிக்கு இன்னும் திரையே வந்து சேரவில்லை. தலைமையாசிரியர் இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பி பிரிவை வெளியூராக்கினார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு மடிக்கணினியை வைத்து, பின்னால் ஒரு மலைப் படத்தை ஒட்டி, படிவத்தில் தூரம் என்ற இடத்தில் நாற்பத்துமூன்று என்று எழுதினார். கட்டம் பச்சையாயிற்று.

ஒத்திகையில் ஒரு சிக்கல். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் ஏ பிரிவு, மற்றவன் பி. திரையில் தம்பியைப் பார்த்ததும் அண்ணன்காரன், “டேய், என் பென்சில் டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டியேடா!” என்று கத்திவிட்டான். அவனுக்கு அரை மணி நேரம் வெயிலில் நிற்கும் தண்டனை. முன்பின் தெரியாத ஊர்ப் பிள்ளையிடம் அப்படியா பேசுவது?

இன்னொரு சிக்கல், கைதட்டல். பி பிரிவு எவ்வளவு தட்டினாலும் மைக்கில் ஏறவில்லை. அப்போது ஒரு பையன் சும்மா சுவரில் உள்ளங்கையால் தட்டினான். அது கடல் அலை போலக் கேட்டது. தலைமையாசிரியர் புளகாங்கிதம் அடைந்தார். அன்றிலிருந்து பி பிரிவு நாற்பது பேரும், சைகை கிடைத்தவுடன், எழுந்து நின்று இரண்டு கையாலும் சுவரில் அறைய வேண்டும் என்று ஏற்பாடு. வெளியூர் மக்களின் உற்சாகம் அப்படித்தான் இருக்குமாம்.

இதையெல்லாம் பேத்தி வீட்டுக்கு வந்து சொன்னாள். கொத்தனார் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். திரையை மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். அந்தக் குறுக்குச் சுவரேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே கூடமாக இருந்ததை இரண்டு வகுப்பாக்க அவரே கட்டிக்கொடுத்தது.

“சார், இது நாலரை இஞ்சு சுவரு. மறைப்புக்குக் கட்டினது. கரும்பலகையை விடக் கனமா இதுல எதையும் மாட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன். இந்த டிவி ஒரு மூட்டை சிமெண்டு கனம் இருக்கும். நாலு ஆணியில தொங்குது.”

“அலுவலகத்துலேருந்து வந்த வரைபடத்துல அம்புக்குறி இந்தச் சுவரைத்தான் காட்டுது.”

“சரி, இருக்கட்டும். அந்தப் பக்கத்துலேருந்து நாப்பது பிள்ளைங்க சுவத்துல அறையறாங்களாமே? ஒவ்வொரு அறைக்கும் ஆணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும் சார்.”

தலைமையாசிரியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது நாப்பத்துமூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற பள்ளிக்கூடம். அங்க தட்டறதுக்கும் இங்க இருக்கற சுவத்துக்கும் என்ன சம்பந்தம்?”

கொத்தனார் வீட்டுக்கு நடந்தார். பிறகு, திரைக்கு அடியில் முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகளைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். முட்டுக் கொடுத்தால் புகைப்படத்தில் மாட்டுக்கொட்டகை மாதிரி விழும் என்று தலைமையாசிரியர் அவற்றை மைதானத்தில் போடச் சொன்னார்.

சண்டை போட்டிருக்கலாம். மகள்தான் தடுத்தாள். “அப்பா, அறிவிப்புப் பலகையில உங்க பேரு இருக்கு. இவ முதல் கேள்வி கேக்கப்போறா. நம்ம வீட்டு ஆளுங்க வம்புக்காரங்கன்னு பேரு வாங்கிக் குடுத்துடாதீங்க.” பேத்தி ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தாள்: “மதிப்புக்குரிய விருந்தினர் அவர்களே! ஒரு சுவர் நேராக நிற்கிறது என்பதை நாங்கள் எப்படி அறிவது?” தாத்தா என்று கூப்பிடக் கூடாது என்பது விதி. கேள்வி கேட்க எழுந்தவர், பதில் கிடைக்கும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது என்பதும் விதி. அசைந்தால் படம் கலங்குமாம்.

மானம் என்று ஒன்று இருக்கிறதே. கொத்தனார் பேசாமல் இருந்துவிட்டார்.

அன்று காலை வெளுத்த சட்டை போட்டு, துணிப்பையில் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போனார். இணைப்பு அறையின் வாசலில் ஒரு தட்டில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே சுவரில் புத்தக அலமாரி மாதிரி வரைந்த ஒரு துணி. அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. தரையில் பாதம் வைக்க இரண்டு வெள்ளை வட்டம்.

“பாதத்தை வட்டத்துக்குள்ள வைங்க” என்றார் இணைப்பு அலுவலர். அவர் இளம் வயதுக்காரர். கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. “நிகழ்ச்சி நிரல்ல நீங்க பதினொண்ணாவது. அதுவரைக்கும் உங்க ஒலி மூடியிருக்கும்.”

“நான் பேசணும்னா?”

“பேசறதுக்கு முன்னாடி பேசக் கூடாது.”

கொத்தனாருக்கு எதிரே இருந்த கணினித் திரை நான்கு கட்டமாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் ஏ பிரிவு. ஒன்றில் மலைக்கு முன்னால் பி பிரிவு. ஒன்றில் இயக்குநரின் தாடையும், அதற்கு மேல் காரின் கூரையும். கடைசிக் கட்டத்தில் அவரே, புத்தகங்களுக்கு முன்னால், திருடிக்கொண்டு வந்து உட்கார வைத்தவர் போல.

ஏ பிரிவுக் கட்டத்தில் முதலில் அவர் கண் போனது முதல் வரிசைக்கு. இரட்டைப் பின்னலோடு பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் மகள். மகளின் தலைக்கு மேலே, கட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி, வட்டமான சுவர்க் கடிகாரம் முழுசாகத் தெரிந்தது. மணி பத்து.

தலைமையாசிரியர் வரவேற்றார். தொலைதூரத்திலிருந்து கலந்துகொள்ளும் சகோதரப் பள்ளியையும் வரவேற்றார். கையைத் தூக்கினார். பி பிரிவு எழுந்து சுவரில் அறைந்தது. அலை அடித்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடி அதை அனுபவித்தார்.

பிறகு பூங்கொத்து. தலைமையாசிரியர் ஒரு பூங்கொத்தைக் கேமராவுக்கு நேரே நீட்டினார். அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் கொத்தை இணைப்பு அலுவலர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து, தன் கை படத்தில் விழாமல், கொத்தனாரின் மடிக்குத் தள்ளினார். “வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க! ஆச்சரியமா முகத்தை வைங்க!” கொத்தனார் வைத்துப் பார்த்தார். அங்கே தலைமையாசிரியர் தன் கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரையின் தலையில் செருகினார். மறுபடி அலை.

கொத்தனார் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாம் எண்ணைக் காணவில்லை. மேல் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது.

கண் மங்கிவிட்டதோ என்று நினைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கணினியின் ஓரத்தில், முள் இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

“ஐயா! அது அரசாங்க சொத்து!” என்று பதறினார் அலுவலர்.

அடுத்தது இயக்குநரின் தலைமையுரை. தாடை அசையத் தொடங்கியது.

“ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் இருந்தது பழைய காலம். அது ஒரு நெருக்கடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீர வேண்டிய கட்டாயம். அந்தக் கொடுமையை நாம் ஒழித்துவிட்டோம்.” அலை. “நான் இந்தத் துறைக்கு வந்து ஏழு ஆண்டுகளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளும் காலடி வைத்ததில்லை. ஆனால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறேன்.” அலை. “சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்றார்கள். இன்று சித்திரம் இருக்கிறது. இனிச் சுவர் எதற்கு?” பெரிய அலை.

ஒவ்வொரு அலைக்கும் கடிகாரம் ஒரு விரல்கடை மேலே போயிற்று. கடிகாரம் போகவில்லை என்பது கொத்தனாருக்கு மூன்றாவது அலையில் விளங்கியது. கடிகாரம் ஆணியில் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கேமராதான் குனிகிறது. கேமரா உட்கார்ந்திருப்பது திரையின் தலையில். திரை குனிகிறது. மேல் ஆணி இரண்டும் சுவரை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அதற்குக் கீழே முதல் வரிசை. முதல் வரிசையின் நடுவில் இரட்டைப் பின்னல்.

நாற்பது வருஷம் நூல் பிடித்துப் பார்த்த கண் அது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

“சார், டிவி விழப்போகுது.”

அலுவலர் கணினியின் முதுகைத் தட்டிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு?”

“இது இல்ல சார். அங்க. பள்ளிக்கூடத்துல. கடிகாரம் பாதி போயிடுச்சு, பாருங்க.”

“படம் லேசா நகரும். கேமராவோட சுபாவம்.”

“முன்வரிசையில என் பேத்தி உக்காந்திருக்கா. என் வாயைத் திறந்து விடுங்க சார். ஒரே ஒரு வார்த்தை. எந்திரிச்சுப் பின்னாடி போங்கன்னு சொல்லிட்டு மூடிக்கறேன்.”

“இயக்குநர் பேசும்போது விருந்தினர் ஒலியைத் திறந்தா ‘இடையூறு’ன்னு தானாப் பதிவாயிடும். மூணு இடையூறு ஆனா என்னைக் கிளைக்கு மாத்திடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு இருக்கு.”

“அப்ப ஒரு ஃபோனாவது போடுங்க.”

“நிகழ்ச்சி நடக்கும்போது யாரும் ஃபோன் எடுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டதே நான்தான். நானே எப்படிப் போடறது?”

கொத்தனார் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பின்பக்கத்தில் ‘டிவி விழுது’ என்று கட்டை எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்தார். இயக்குநர் பேசும்போது மற்றவர்கள் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். முதல் வரிசைப் பிள்ளைகள் அது வாழ்த்து அட்டை என்று நினைத்துச் சிரித்தார்கள். அலுவலர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். “நிரலை இப்படித் தலைகீழாக் காட்டலாமா? இயக்குநர் பேரு அதுல இருக்கு!”

ஊமை கண்ட கனவாகக் கொத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேத்தி விரலை மேலே நீட்டித் தலைமையாசிரியரிடம் ஏதோ சொன்னாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, கொத்தனார் வீட்டுப் பிள்ளை. ஒலி விட்டுவிட்டு வந்தது: “சார்... டிவி... குனியுது...” அதற்குப் பதில் மட்டும் முழுசாக வந்தது: “பெரியவங்க வரும்போது நீதான் குனியணும். உக்காரு!”

கொத்தனார் வட்டத்தை விட்டுக் காலை எடுத்தார். வாசலுக்கு ஓடித் தட்டிலிருந்து தன் ஃபோனை எடுத்து வந்து மகளுக்குப் போட்டார். கட்டத்தில் மகள் திடுக்கிட்டாள். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பார்த்தாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்; காதில் ஃபோனோடு வேர்த்து விறுவிறுத்து நிற்கும் தன் அப்பாவைப் பார்த்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் முகம் சுண்டிவிட்டது. உதட்டில் விரலை வைத்தாள். உள்ளங்கையைக் கீழே அழுத்தி, உட்காருங்கள், பயப்படாதீர்கள், நன்றாகப் பேசுவீர்கள் என்று சைகை செய்தாள். பிறகு ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டு மானத்தைக் காப்பாற்று என்று வளர்த்தவர் அவர்தான்.

“பத்தாவது, விருந்தினர் கையசைப்பு!” என்றார் அலுவலர். “ஒரு நிமிஷம். ஒலி கிடையாது. உங்க படம் இப்பப் பெரிசாத் தெரியும். கையை ஆட்டுங்க. அது முடிஞ்சதும் பதினொண்ணு, உங்க பேச்சு.”

பள்ளிக்கூடத்தில், இரண்டு கதவு அகலத்துக்குக் கொத்தனாரின் முகம் வந்தது.

அவர் எழுந்தார். இரண்டு கையையும் விரித்து, முன்னால் இருப்பதையெல்லாம் பின்னால் தள்ளுவது போலக் காற்றைத் தள்ளினார். போங்க, போங்க, பின்னாடி போங்க. வாய் முழுக்கத் திறந்து கத்தினார். மூன்றாம் மாடியில் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விருந்தினர் என்ன செய்கிறாரோ அதையே பிள்ளைகளும் செய்ய வேண்டும். அதற்குப் பெயர் ஈடுபாடு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கையை விரித்துக் காற்றைத் தள்ளினார்கள். மகள் பெருமையோடு தள்ளினாள். இவ்வளவு ஈடுபாட்டை எந்தப் பள்ளியும் கண்டதில்லை. தலைமையாசிரியர் கண் கலங்கி, வெளியூர் வகுப்பைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார்.

வெளியூர் வகுப்பு எழுந்தது. எண்பது உள்ளங்கைகள் சுவரில் இறங்கின.

கட்டத்தில் கடிகாரம் இல்லை. மகள் இல்லை. பெஞ்சுகளின் கால்கள் தெரிந்தன. தரை தெரிந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் கையில் காகிதத்தோடு நின்றாள். அவள் முறை வந்துவிட்டது. கேள்வி கேட்பவர் அசையக் கூடாது. அவள் முகம் நெருங்கி நெருங்கிப் பெரிதாகி வந்தது. அன்றைய நிகழ்ச்சியில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த படம் அது ஒன்றுதான்.

பிறகு இருட்டு. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுவதும் விட்டுவிட்டு வந்த ஒலி, அப்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தது.

இணைப்பு அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தினார். “பதினொண்ணு. இப்ப நீங்க பேசலாம் ஐயா. மூணு நிமிஷம்.”

கொத்தனார் படியில் ஓடும்போது அவர் பின்னாலேயே வந்தார். “கருத்துப் படிவம்! கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க! இணைப்பின் தரம், அஞ்சுக்கு எத்தனை?”

கொத்தனார் பஸ் ஏறினார். மகளுக்குப் போட்டார், ஃபோன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார். அவருடைய அழைப்பைத் தவிர்க்க அணைத்த ஃபோன் அது; அணைந்தேதான் இருந்தது. பாதி வழியில் ஓர் ஆம்புலன்ஸ் எதிரே அலறிக்கொண்டு போயிற்று. பஸ்ஸில் இருந்தவர்களோடு சேர்ந்து அவரும் ஐயோ பாவம் என்றார். எலும்பு முறிவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில்தான். இணைப்பு அறைக்கு இரண்டு தெரு தள்ளி.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் திரையின் உடைசல்களை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “நீங்க அவ்வளவு வேகமாக் கையை ஆட்டியிருக்கக் கூடாது” என்றார். “பிள்ளை நகரத்துல இருக்கு. நீங்க அங்கேயே இருந்திருக்கலாமே, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?”

மைதானத்தில் அவருடைய இரண்டு மரக்கட்டைகளும் போட்டது போட்டபடி கிடந்தன.

மறுபடி பஸ். மறுபடி நாற்பத்துமூன்று கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நடப்பாள், ஆனால் பழைய மாதிரி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஏம்ப்பா, உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

மூன்று தலைமுறையில் அந்த வீட்டு ஆண் ஒருவன் பொது இடத்தில் அழுதது அன்றுதான்.

விசாரணை நடந்தது. இயக்குநர் காரில் இருந்தபடியே விசாரித்தார். கொத்தனார் ஆணியைப் பற்றியும், பிள்ளைகள் சுவரில் அறைந்ததைப் பற்றியும் சொன்னார். இந்த முறை அவர் ஒலி திறந்திருந்தது, இயக்குநருடைய ஒலிபெருக்கிதான் மூடியிருந்தது. அறிக்கை வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: ‘கைதட்டல் நிகழ்ந்த பள்ளி, சம்பவ இடத்திலிருந்து நாற்பத்துமூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே அதிர்வு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சுவரின் தரக்குறைவே காரணம். விருந்தினர் தமது உரையை ஆற்றாமலும், கருத்துப் படிவத்தில் கையெழுத்திடாமலும் வெளியேறினார்.’

திட்டம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் இடையே நாற்பத்துமூன்று கிலோமீட்டர் இருப்பதை முதலில் கவனித்தவர் தலைமையாசிரியர்தான். பேத்தியின் கட்டிலை அந்த வருஷத்தின் இரண்டாவது வெளியூர் வகுப்பாகப் பதிவு செய்தார்கள். மாணவர் எண்ணிக்கை, ஒன்று. கட்டம் பச்சையாயிற்று. கொத்தனார் இந்த முறை பள்ளிக்கூடத்திலிருந்து பேச வேண்டும் என்று அவருக்குக் கடிதம் போயிற்று. பள்ளியில் அவர் பெயர்ப்பலகையோடு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அன்று கொத்தனார் இருந்தது கட்டிலுக்குப் பக்கத்தில். இணைப்பு அலுவலர் ஒரு ஃபோனைக் கம்பியில் கட்டிப் பேத்தியின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, “ஐயா, நீங்க படத்துல விழறீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார். கொத்தனார் தள்ளி உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கால் துணித் தொட்டிலில் தொங்க, பேத்தி காகிதம் பார்க்காமல் கேட்டாள்:

“மதிப்புக்குரிய விருந்தினர் அவர்களே! ஒரு சுவர் நேராக நிற்கிறது என்பதை நாங்கள் எப்படி அறிவது?”

ஃபோனில் காலி நாற்காலி தெரிந்தது. ஆயிரம் மைல் தள்ளிப் பேசுவது போலத் தலைமையாசிரியர், விருந்தினர் இன்னும் இணையவில்லை என்றார்.

“தூக்குக்குண்டு விட்டுப் பாக்கணும்டா கண்ணு” என்றார் கொத்தனார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “நூல் சொல்றதை மட்டும் நம்பணும்.”

“பின்னாடி யாரோ பேசறாங்க, சத்தம் வருது” என்றது ஃபோன். அலுவலர் உடனே ஒலியை மூடினார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று பதிவாயிற்று. நேரில் சொன்னதற்குத்தான் படிவமே கிடையாதே.

தூக்குக்குண்டு கட்டிய சுவர் அவர் பேத்தி மேலேயே விழுந்துவிட்டது, அந்த அவமானத்தில்தான் அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சுவர் விழவில்லை. ஆணி பிடுங்கிய நான்கு ஓட்டைகளோடு இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல்கூடச் சாயவில்லை. விழுந்தது திரை. அப்போது அதில் இருந்தது அவர் முகம் என்பது மட்டும் உண்மை.